கேளுங்க சொல்றேன்: டிக்கெட் ஃப்ரீ, பஸ் எங்கப்பா?

போன இதழ்ல யாருக்கோ பதில் சொல்லும்போது போற போக்குல "பஸ்ஸ எல்லாருக்குமே ஃப்ரீயா விட்டா என்ன"ன்னு ஒரு வரி எழுதித் தொலைச்சேன். அவ்வளவுதான், கார்டும் வாட்ஸப்புமா வந்து குமிஞ்சிருச்சு. சினிமா கேள்வி, ஜோசியக் கேள்வியெல்லாம் அடுத்த தடவை பாத்துக்குவோம், இந்த வாரம் முழுக்க பஸ்ஸுதான். உள்ள வாங்க, படிக்கட்டுல நிக்காதீங்க.

கேள்வி: நானும் எம் பொண்டாட்டியும் ஒரே பஸ்ல ஏறி ஒரே சீட்டுல உக்காந்து மதுரை பெரியார் பஸ்ஸ்டாண்டுக்கு வர்றோம். அவளுக்கு ஃப்ரீ, எனக்குக் காசு. ரெண்டு பேரும் ஒரே தோட்டத்துல கூலி வேலை பாக்குறவங்கதான். ஆம்பளைக்கும் விட்டா அரசாங்கம் என்ன அழிஞ்சா போயிரும்?
– வாசகர், செக்கானூரணி

அண்ணே, கேள்வியில நியாயம் இருக்கு, மறுக்கல. ஆனா ஒரு வார்த்தைய வேணும்னே முழுங்கிட்டீங்க. ஒரே தோட்டம் சரி, ஒரே கூலியா? களையெடுக்குற பொம்பளைக்கு என்ன கொடுக்குறாங்க, வரப்பு வெட்டுற ஆம்பளைக்கு என்ன கொடுக்குறாங்கன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் கூலியோட வீட்டுக்கு வந்தா உங்க காசுல டீ, பீடி, போன் ரீசார்ஜ் போக மிச்சம்தான் வீட்டுக்கு, மதினி காசு அம்புட்டும் அப்படியே அடுப்படிக்கு. முன்னாடியெல்லாம் அவங்க ஒரு எடத்துக்குக் கிளம்பணும்னா, அது பெரியாஸ்பத்திரியா இருந்தாலும் சரி, அம்மா வீடா இருந்தாலும் சரி, மொதல்ல வீட்டுல கேக்கணும், "பஸ்ஸுக்கு காசு கொடுங்க"ன்னு. அப்படிக் கேக்குறதுக்கு யோசிச்சே போகாம விட்டவங்க எங்க தெருவுல மட்டும் நாலு பேரு. அதுல ஒரு அக்கா சுகர் மாத்திரைக்கு மாசாமாசம் கோரிப்பாளையம் போகணும், "இந்த மாசம் விட்ருவோம், கால் நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லும். இப்ப அது தேதி தவறாம போகுது, வர்ற வழியில சிம்மக்கல்ல எறங்கி பழம் வேற வாங்கிட்டு வருது.

பொம்பளைங்களுக்கு டவுன் பஸ் ஃப்ரீங்கிற இந்தத் திட்டம் 2021 மே 7ஆம் தேதி ஸ்டாலின் முதலமைச்சரா பதவியேத்த அன்னைக்கே போட்ட கையெழுத்துல ஒண்ணு, மறுநாளே பஸ்ல நடைமுறைக்கு வந்துருச்சு. அப்புறம் திருநங்கைங்க, மாற்றுத்திறனாளிங்க, அவங்க கூட வர்ற துணை ஆளுன்னு சேத்தாங்க, பேரையும் விடியல் பயணம்னு வச்சாங்க. மாநிலத் திட்டக் குழு ஒரு ஆய்வு பண்ணி, இதுல போற பெண்களுக்கு மாசம் சராசரியா 888 ரூபா மிச்சமாகுதுன்னு சொல்லுச்சு. கிட்டத்தட்ட ஒரு கேஸ் சிலிண்டர் காசு. உங்க வீட்டுலயும் அந்தக் காசு எங்கயும் பறந்து போகலண்ணே, நீங்க சாப்பிடுற கொழம்புலதான் கெடக்கு.

இப்ப உங்க டிக்கெட்டுக்கு வருவோம். கண்டக்டர் பொம்பளைங்களுக்கும் ஒரு டிக்கெட் கொடுக்குறாருல்ல, கட்டணம் இல்லைன்னு போட்டு? "காசே இல்ல, சீட்டு எதுக்குய்யா"ன்னு எங்க அப்பத்தா அத வாங்கி சுருட்டி காது குடைஞ்சிட்டு தூக்கிப் போடும். ஆனா எத்தனை பேர் ஏறுனாங்கங்கிறதுக்கு அந்தத் துண்டுச் சீட்டுதான் சாட்சி, அதை வச்சுத்தான் அரசாங்கத்துகிட்ட கணக்கு. ஆரம்பிச்ச வருஷம் வருஷத்துக்கு 1,200 கோடி ஆகும்னு சொன்னாங்க, 2025-26 பட்ஜெட்டுல அதுக்கு ஒதுக்குனது 3,600 கோடி. மூணு மடங்கு. அதுக்குக் காரணம் ஊழலும் இல்ல, ஒண்ணும் இல்ல, ஏறாதவங்கெல்லாம் ஏறுனதுதான்.

ஆக இன்னைக்கு சாதா கட்டண டவுன் பஸ்ல கண்டக்டர் தோல்பைக்குள்ள விழுற சில்லறை உங்களமாதிரி ஆம்பளைங்க சில்லறை மட்டும்தான். அதுவும் 2018 ஜனவரியில ஏத்துன கட்டணம், அதுக்கப்புறம் ஏத்தவே இல்ல, டீசல், டயர், சம்பளம் எல்லாம் ஏறிருச்சு. அந்தச் சில்லறையும் நின்னுச்சுன்னா, ஒரு டிப்போவுல டீசல் அடிக்கிறதுல இருந்து வைப்பர் மாத்துற வரைக்கும் எல்லாத்துக்கும் கோட்டையில இருந்து ஃபைல் நகர்ந்து வரணும். ஃபைல் எப்படி நகரும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா, பட்டா மாறுதலுக்கு அலைஞ்சிருப்பீங்கல்ல. அரசாங்கம் அழியாதுண்ணே, உங்க ஊருக்கு வர்ற பஸ்ஸுல ரெண்டு ட்ரிப் காணாமப் போகும், அவ்வளவுதான், அதை யாரும் அறிவிச்சிட்டா செய்வாங்க? ஒரு நாள் வராது, ரெண்டு நாள் வராது, அப்புறம் வராமலே பழகிரும். நம்மகிட்ட இன்னொரு ஆயிரம் கோடி இருக்குன்னு வச்சுக்குவோம், என்னைக் கேட்டா உங்க டிக்கெட்ட ஃப்ரீ ஆக்குறதுக்கு முன்னாடி அதை பஸ் வாங்கத்தான் போடச் சொல்வேன். கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: கர்நாடகாவுல எக்ஸ்பிரஸ் பஸ்லயே பொம்பளைங்களுக்கு ஃப்ரீயாமே. நமக்கு மட்டும் ஏன் டவுன் பஸ்ஸோட நிறுத்திட்டாங்க? எங்க ஊர்ல இருந்து மதுரைக்கு நேரா வர்ற பஸ்ல காசு கொடுத்துத்தான் வர்றோம்.
– வாசகி, பேரையூர்

உண்மைதாங்க. கர்நாடகாவுல 2023 ஜூன் 11ல இருந்து சக்தி திட்டம், மாநிலத்துக்குள்ள சாதா பஸ், எக்ஸ்பிரஸ் ரெண்டுலயும் ஃப்ரீ, ஏசி, சொகுசு பஸ்ஸுல கெடையாது. அங்க ஆம்பளைங்க உக்கார எடமில்லாமப் போயிரும்னு பாதி சீட்டு ஆம்பளைங்களுக்குன்னு ஒதுக்குனாங்க, கேட்டா சிரிப்பு வரும், ஆனா ஒதுக்குனாங்க. தெலுங்கானாவுல அதே வருஷம் டிசம்பர்ல ஆரம்பிச்சாங்க, ஆந்திராவுல 2025 சுதந்திர தினத்தன்னைக்கு. டெல்லிதான் இதுக்கெல்லாம் முன்னாடி, 2019 அக்டோபர்லயே பிங்க் டிக்கெட். நம்ம ஊர்ல சாதா கட்டண டவுன் பஸ்ஸு மட்டும்தான், 2024ல நீலகிரி, கொடைக்கானல், வால்பாறைன்னு மலைப் பகுதிக்கு நீட்டுனாங்க. பேரையூர் மலையும் இல்லாம டவுனும் இல்லாம நடுவுல மாட்டிக்கிச்சு.

ஆனா பொம்பளைங்க இதுக்கு வழி கண்டுபிடிக்காம இருப்பாங்களா? எங்க அத்தை கல்லுப்பட்டிக்காரங்க. மதுரைக்கு நேர் பஸ் முக்கால் மணி, ஒரு மணி நேரத்துல கொண்டாந்து விட்ரும். அவங்க அதுல ஏற மாட்டாங்க. ஒயிட் போர்டு, அதான் சாதா கட்டண டவுன் பஸ்ஸாப் பாத்து ஏறி திருமங்கலத்துல எறங்கி, பையத் தூக்கிக்கிட்டு ஓடி, பெரியார் போற டவுன் பஸ்ஸப் புடிச்சு, அதுல சீட் போட முந்தானைய ஜன்னல் வழியா வீசி, கூட வந்த சித்திக்கும் சேத்து எடம் புடிச்சு, ஒன்றரை ரெண்டு மணி நேரம் கழிச்சு வீட்டுக்கு வந்து சேருவாங்க. "ஏன் அத்தை இந்தப் பாடு, ஒரே பஸ்ல வரலாம்ல"ன்னா, "எனக்கென்ன ஆபீஸா, அந்தக் காசுக்கு ரெண்டு மொழம் மல்லி வாங்கிட்டேன்"னு தலையத் திருப்பிக் காட்டுவாங்க. திருமங்கலம் பஸ்ஸ்டாண்டுல கொஞ்ச நேரம் நின்னு பாருங்க, இந்த மாதிரி பஸ் மாறி பஸ் தாவுற அத்தைங்க எத்தனை பேருன்னு. அவங்களுக்கு நேரத்துக்கு விலை இல்லைன்னு நாம நெனைக்கிறோம். வேலைக்குப் போற உங்கள மாதிரி ஆளுக்கு அது ஆகாது, காலைல எட்டு மணி ஷிஃப்டுக்கு ரெண்டு பஸ் மாறி வர முடியுமா. அதனால நீங்க கேக்குறது சரியான கேள்வி. ஆம்பளைக்கு ஃப்ரீங்கிறதுக்கு முன்னாடி வரிசையில நிக்க வேண்டியது இதுதான்னு நான் சொல்வேன். ஊர் தள்ளி இருக்குற ஒரே காரணத்துக்காக ஒரு பொம்பளைக்கு கெடைச்சது இன்னொருத்திக்கு கெடைக்காமப் போறது நியாயமில்ல.

கேள்வி: வெளக்குத்தூண்ல ஒரு துணிக்கடையில வேலை பாக்குறேன். ராத்திரி ஒன்பதரைக்கு கடை அடைச்சு வந்து நின்னா, பொம்பளைங்களா நிக்கிறதப் பாத்துட்டு பஸ்ஸ நிறுத்தாம தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துறாங்க. ஓடித்தான் ஏறணும். ஃப்ரீன்னா இம்புட்டு எளக்காரமா?
– வாசகி, ஒத்தக்கடை

இதைப் படிச்சதும் எனக்கே வவுறு எரிஞ்சது தங்கச்சி, ஏன்னா நானும் பாத்திருக்கேன். போன மாசம் ஒரு ஸ்டாப்ல, பேரு வேணாம், ஏழெட்டு பொம்பளைங்க, ரெண்டு ஆம்பளைங்க நின்னோம். பஸ் வந்துச்சு, ஸ்லோ ஆச்சு, அப்படியே உருட்டிக்கிட்டே போய் அம்பது அடி தள்ளி நின்னுச்சு. எல்லாரும் ஓடுறாங்க. ஒரு அம்மா பூக்கூடையோட ஓடுது, கூடை ஆடுது, உதிரிப்பூ ரோட்டுல கொட்டிக்கிட்டே வருது. ஏறுன பெறகு கண்டக்டர், "ஆத்தா ஒனக்கு ஃப்ரீ, கூடைக்கு லக்கேஜ் போடணும்"னார். அந்த அம்மா குனிஞ்சு கூடையப் பாத்துச்சு, "பாதிதான் இருக்கு, பாதி ரோட்டுல கெடக்கு, அதுக்கு அங்க போய் டிக்கெட் போட்டுக்க"ன்னுச்சு. பஸ்ஸே சிரிச்சிருச்சு, அந்தக் கண்டக்டரும் சிரிச்சிட்டு லக்கேஜ் போடாம விட்டுட்டார். நல்ல மனுஷன்தான், மோசமான ஆளுன்னு சொல்ல முடியாது.

எனக்குத் தெரிஞ்ச ஒரு டிரைவர்கிட்ட கேட்டேன், ஏன்ணே இப்படின்னு. அவர் சொன்னது: "எனக்கு இத்தனை சிங்கிள், அதான் ஒரு வழி ட்ரிப்பு, அடிக்கணும்னு இருக்கு, கோரிப்பாளையத்துல ஒரு சிக்னல்ல நின்னா போச்சு, ஸ்டாப்ல அம்பது பேர் நின்னா ஏத்தி முடிக்க ரெண்டு நிமிஷம், பின்னாடி வர்றவன் ஹாரன் அடிக்கிறான். எல்லாரையும் ஏத்துனா நான் டயத்துக்குப் போக மாட்டேன், போகலைன்னா கேள்வி என்னையத்தான் கேப்பாங்க." அதுல பாதி உண்மை இருக்கு. மீதிப் பாதி என்னன்னா, காசு கொடுக்காத ஆளு வாடிக்கையாளர் இல்லைங்கிற எண்ணம் மனசுல எங்கயோ ஊறிக் கெடக்குது. உங்களுக்காக அரசாங்கம் காசு கட்டுதுங்கிறது அந்த நேரத்துல ஸ்டியரிங் புடிக்கிறவர் கண்ணுக்குத் தெரியாது, ஸ்டாப்ல நிக்கிற கூட்டந்தான் தெரியும். ஒண்ணு செய்ங்க, பஸ்ஸோட நம்பர் பிளேட், நேரம், ஸ்டாப் பேரு மூணையும் எழுதி வச்சுக்கிட்டு, உங்க கடையில அதே பஸ்ல வர்ற பொண்ணுங்க எல்லாரும் சேந்து கையெழுத்துப் போட்டு டிப்போ கிளை மேலாளர்கிட்ட நேர்ல கொடுங்க. ஒரு ஆளு கொடுத்தா காகிதம், பத்து பேர் கொடுத்தா கொஞ்சம் கனமான காகிதம். ஒன்பதரைக்கு கடை விடுற கூட்டத்துக்குன்னு வெளக்குத்தூண் பக்கத்துல ஒரு பஸ் வேணும்னு அதுலயே கேளுங்க, நிறுத்தலைங்கிற புகாரை விட அது முக்கியம்.

கேள்வி: "ஓசி பஸ்"னு சொல்றவங்கள என்ன செய்யலாம்?
– வாசகி, அவனியாபுரம்

ஒண்ணும் செய்ய வேணாம், அவங்க குடிக்கிற தண்ணி, நடக்குற ரோடு, புள்ளை படிச்ச ஸ்கூலு எதுக்கெல்லாம் டிக்கெட் எடுத்தாங்கன்னு மட்டும் கேளுங்க. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்துல கம்பெனி தபால்ல ஸ்டாம்ப் ஒட்டாம ஓ.சி.ன்னு முத்திரை குத்தி அனுப்புவான், அதுல இருந்துதான் இந்த வார்த்தை வந்துச்சுன்னு ஒரு கதை சொல்லுவாங்க. அந்தக் கதைப்படி பாத்தா ஓசியில போனவன் வெள்ளைக்கார துரை, நம்ம பூக்காரம்மா இல்ல.

கேள்வி: வெளிநாட்டுல ஊருக்கே பஸ் ஃப்ரீன்னு யூட்யூப்ல பாத்தேன். நிஜமா, கப்ஸாவா? நிஜம்னா அவங்களால முடியுறது நம்மளால ஏன் முடியல?
– வாசகர், வில்லாபுரம்

நிஜம்தான் தம்பி. லக்சம்பர்க்னு ஒரு குட்டி நாடு, ஜெர்மனி, பிரான்சு, பெல்ஜியத்துக்கு நடுவுல. 2020 மார்ச் 1ல இருந்து பஸ், டிராம், ரயில் எல்லாம் ஃப்ரீ, ரயில்ல முதல் வகுப்புக்கு மட்டும் காசு. வெளியூர்க்காரன் போனாலும் ஃப்ரீ. எப்படி முடிஞ்சதுன்னா, அங்க டிக்கெட்டுல வந்த காசே மொத்தச் செலவுல பத்துல ஒரு பங்கு கூட இல்ல, மீதியெல்லாம் ஏற்கனவே அரசாங்கக் காசுதான். அந்தக் கொஞ்சத்தையும் விட்டுக் கொடுத்தாங்க. சம்பளக்காரன் ரெண்டு ரூவா மொய்யி எழுதுற மாதிரி. நம்ம கதை அப்படியில்ல, இங்க டிக்கெட் காசுங்கிறது பஸ்ஸோட ரத்தம்.

எஸ்டோனியா நாட்டுத் தலைநகர் தாலின்ல நடந்ததுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச கதை. 2012ல ஊர் மக்கள்கிட்ட ஓட்டெடுப்பு நடத்தி, 2013 ஜனவரி 1ல இருந்து ஃப்ரீ. ஆனா ஒரு கண்டிஷன், அந்த ஊர் முகவரியில பதிஞ்சவனுக்கு மட்டும். அந்த நாட்டுல வருமான வரியில ஒரு பங்கு நீ எந்த ஊர்ல பதிஞ்சிருக்கியோ அந்த ஊருக்குப் போகும். இங்க குடியிருந்துக்கிட்டே சொந்த ஊர் அட்ரஸ்ல இருந்தவன் எல்லாம் பஸ்ஸுக்காக அட்ரஸ்ஸ மாத்துனான், வரிக் காசு ஊருக்கு வந்துச்சு, டிக்கெட்டுல விட்டதை வரியில புடிச்சிட்டாங்க. கில்லாடி வேலை. மதுரைக்கு இதைக் கொண்டாந்தா என்னாகும்? சோழவந்தான்காரன், மேலூர்க்காரன் எல்லாம் ஆதார்ல கோரிப்பாளையம் அட்ரஸ் போட்டுருவான், ஆனா அவன் கட்டுற வருமான வரி நம்ம மாநகராட்சிக்கு நேரா வராது. மிச்சம் என்னன்னா ஆதார் சென்டர்ல க்யூ மட்டும்தான்.

அந்த தாலின்லயே ஆராய்ச்சி பண்ணவங்க ஒண்ணு கண்டுபிடிச்சாங்க. ஃப்ரீ பஸ்ஸுக்கு வந்தவங்கள்ல கார விட்டுட்டு வந்தவன் கொஞ்சம்தான், நடந்து போய்க்கிட்டு இருந்தவன்தான் நெறைய. கார் வச்சிருக்கவனுக்கு டிக்கெட் காசு என்னைக்குமே பிரச்சனை இல்லையே, பஸ் எப்ப வரும், உக்கார எடம் கெடைக்குமா, இதுதானே அவன் பிரச்சனை. நம்ம ஊர்ல பைக்குக்காரன் கதையும் அதேதான். பெட்ரோல் நூறு ரூவா தாண்டியும் அவன் பைக்கைத்தான் எடுக்குறான்.

பெல்ஜியத்துல ஹாசெல்ட்னு ஒரு ஊரு 1997லயே எல்லாருக்கும் ஃப்ரீ விட்டாங்க. கூட்டம் சும்மா ஏறுச்சு, ஏன்னா ஃப்ரீ விட்டதோட பஸ்ஸையும் பல மடங்கு கூட்டுனாங்க, அதை மட்டும் நம்மாளுங்க யூட்யூப்ல சொல்ல மாட்டாங்க. 2013ல செலவு தாங்கலைன்னு சின்னப் புள்ளைங்களுக்கு மட்டும் வச்சுக்கிட்டு மத்தவங்களுக்கு டிக்கெட் போட்டாங்க. ஜெர்மனியில 2022 ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூணு மாசம், மாசத்துக்கு 9 யூரோ கொடுத்தா நாடு முழுக்க டவுன் பஸ், லோக்கல் ரயில் எல்லாத்துலயும் போகலாம்னாங்க, லீவு நாள்ல ரயில்ல கால் வைக்க எடமில்ல, சித்திரைத் திருவிழாவுக்கு எதிர்சேவை அன்னைக்கு தல்லாகுளம் மாதிரி. மறு வருஷம் 49 யூரோவா திருப்பிக் கொண்டாந்தாங்க, 2025ல அது 58 ஆச்சு. மால்டா 2022 அக்டோபர்ல இருந்து உள்ளூர்க்காரங்களுக்கு ஃப்ரீ, பிரான்சுல டன்கெர்க், மான்பெல்லியே இப்படி ஊரு ஊரா இருக்கு. முழுசா ஃப்ரீ விட்டதெல்லாம் சின்ன ஊருங்க, சின்ன நாடுங்க. நம்ம மாநிலத்துல ஒரு நாளைக்கு பெண்கள் ஃப்ரீயா பஸ் ஏறுறதே 50 லட்சம் தடவைக்கு மேல, லக்சம்பர்க் நாட்டு மொத்த ஜனமே ஏழு லட்சத்துக்குள்ளதான். கணக்குப் பாத்தா நாமதான் அவங்களுக்கு கிளாஸ் எடுக்கணும்.

கேள்வி: ஷேர் ஆட்டோ ஓட்டுறேன். பொம்பளை சவாரி பாதியாயிருச்சு. எங்க பொழப்புக்கு யார் மானியம் கொடுப்பா?
– வாசகர், கீழவாசல்

உங்க கேள்விக்கு என்கிட்ட நல்ல பதில் இல்லண்ணே. கொரோனா முடிஞ்சு வண்டி எடுக்குற நேரத்துல இது வந்துச்சு, கேஸ் வெலையும் ஏறுச்சு, ஃபைனான்ஸ்காரன் தேதி மாறாம வந்து நிக்கிறான். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, டவுன் பஸ் மெயின் ரோட்டுல போகுது, எறங்குனவங்க உள்ள அரை கிலோமீட்டர் நடக்கணும். அனுப்பானடி பக்கம் ஒரு நண்பர் பெரியார் லைனையே விட்டுட்டு, ஸ்டாப்ல இருந்து உள்தெருவுக்கு பத்து ரூவான்னு ஓட்டுறார், சின்ன தூரம், நெறைய நடை, டீசலும் குறைச்சல். முன்ன மாதிரி சம்பாத்தியம் இல்லைன்னுதான் சொல்றார், வண்டி நிக்கலைன்னும் சொல்றார். மினிபஸ்காரங்க வந்து அந்தத் தெருவையும் புடிச்சா என்ன செய்றதுன்னு கேட்டீங்கன்னா, அவங்க பொம்பளைங்ககிட்டயும் காசு வாங்குறவங்கதான், அந்தப் போட்டி உங்களால சமாளிக்கக் கூடிய போட்டி.

கேள்வி: எனக்கு 72 வயசு. மூத்த குடிமக்களுக்கு ஃப்ரீ பஸ் உண்டுன்னு சென்னையில இருக்குற மகன் சொல்றான். இங்க கண்டக்டர் சிரிக்கிறார்.
– வாசகர், திருநகர்

ரெண்டு பேர் சொல்றதும் உண்மைங்கய்யா. 2016ல இருந்து சென்னை மாநகரப் பஸ்ல 60 வயசு தாண்டுனவங்களுக்கு மாசம் 10 டோக்கன் கொடுக்குறாங்க. அது சென்னைக்கு மட்டும். மதுரையில முழங்கால் வலிக்காதுன்னு நெனச்சுட்டாங்க போல. ஆம்பளைக்கு ஃப்ரீ விடுறதா இருந்தா எங்க ஆரம்பிக்கணும்னு என்னைக் கேட்டா, உங்ககிட்ட இருந்துதான்னு சொல்வேன், செக்கானூரணி அண்ணன் கொஞ்சம் பொறுத்துக்கட்டும். மகன்கிட்ட சொல்லுங்க, டோக்கன் பத்தி பேசுறத விட்டுட்டு மாசம் ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போகச் சொல்லி.

கேள்வி: பஸ் பாஸ் ஃப்ரீயா கொடுத்தும் எம் பையன் படிக்கட்டுல தொங்கிட்டுத்தான் போறான். எப்படித் திருத்துறது?
– வாசகி, சமயநல்லூர்

உள்ள எடம் இருந்தும் தொங்குனா காதைப் புடிச்சுத் திருகுங்க. எடமே இல்லாம தொங்குனா அவனைத் திட்டி என்ன பிரயோஜனம், ஸ்கூல் விடுற நேரத்துக்கு அந்த ரூட்டுல எத்தனை பஸ்ஸுன்னு எண்ணிப் பாருங்க. பாஸ் கொடுக்குறது பள்ளிக்கூடத்துல, பஸ் விடுறது டிப்போவுல, ரெண்டு எடத்துக்கும் நடுவுல தொங்குறது நம்ம புள்ளை. ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லி நாலரை மணிக்கு ஒரு ஸ்பெஷல் ட்ரிப் கேட்டு எழுதச் சொல்லுங்க, பல ஊர்ல அப்படிக் கேட்டுத்தான் வாங்கியிருக்காங்க.

கேள்வி: மெட்ரோ வந்துட்டா இந்த பஸ் பிரச்சனையெல்லாம் தீந்துரும்தானே?
– வாசகர், கே.கே.நகர்

திருமங்கலத்துல இருந்து ஒத்தக்கடைக்கு 32 கிலோமீட்டர், 11,000 கோடிக்கு மேல. 2011 கணக்குப்படி ஊர்ல 20 லட்சம் பேர் இல்லைன்னு 2025 நவம்பர்ல மத்திய அரசு திருப்பி அனுப்பிருச்சு. வந்தா வேணாம்னு சொல்ல மாட்டேன், நானும் ஒரு நாள் ஏசியில உக்காந்து வைகைய மேல இருந்து பாக்கணும்னு ஆசை உள்ள ஆளுதான். ஆனா அந்தக் காசு மாநிலம் பூராவும் மூணு வருஷத்துக்கு பொம்பளைங்க பஸ்ல போற காசு. ஒண்ணு கட்டுற செலவு, இன்னொண்ணு வருஷா வருஷம் ஓட்டுற செலவு, ரெண்டையும் ஒண்ணா வைக்கக் கூடாதுன்னு கணக்குத் தெரிஞ்சவங்க சண்டைக்கு வருவாங்க, வரட்டும். மெட்ரோ ஸ்டேஷன்ல எறங்கி ஐயர்பங்களாவுக்கோ ஆனையூருக்கோ எதுல போவீங்க? அதுக்கும் டவுன் பஸ்தான்.

கேள்வி: உசிலம்பட்டிக்கு ரயில்ல போனா பஸ்ஸ விட ரொம்ப கம்மி. அப்புறம் ஏன் எல்லாரும் பஸ்ல போய் மிதிபடுறாங்க?
– வாசகர், உசிலம்பட்டி

ஏன்னா ரயில் நீங்க கிளம்புறப்ப வராது. மதுரை-போடி மீட்டர்கேஜ் ரயில 2010 கடைசியில நிறுத்துனவங்க, அகலப்பாதை போட்டு தேனி வரைக்கும் திருப்பி விட்டது 2022 மே மாசம், போடிக்கு 2023 ஜூன். பதினோரு வருஷத்துக்கு மேல காத்திருந்து கெடைச்ச ரயிலு, வெரல் விட்டு எண்ணுற ட்ரிப்பு. டிக்கெட் எம்புட்டு கம்மியா இருந்து என்ன, மத்தியானம் பன்னெண்டு மணிக்கு பெரியாஸ்பத்திரியில இருந்து வீடு திரும்புற ஆளு சாயங்கால ரயிலுக்கு பிளாட்பாரத்துல படுத்தா கெடக்கும்? கண்ணு முன்னால வர்ற பஸ்ஸுல ஏறிருது. ஃப்ரீ கேக்குறவங்க எல்லாரும் இந்த ரயில் கதைய ஒரு தடவை நெனச்சுக்கங்க.

கேள்வி: எல்லாருக்கும் ஃப்ரீ ஆயிட்டா கண்டக்டர் எதுக்கு? அந்தச் சம்பளம் மிச்சம்தானே?
– வாசகர், தெப்பக்குளம்

சார், நீங்க டவுன் பஸ்ல ஏறி ரொம்ப நாளாச்சு போல. டிக்கெட் கிழிக்கிறது அவர் வேலையில ஒரு ஓரம். விசில் அடிக்கிறது, ரிவர்ஸ் எடுக்குறப்ப எறங்கித் தட்டுறது, "உள்ள போ உள்ள போ, உள்ள என்ன புலியா இருக்கு"ன்னு கூட்டத்த நகத்துறது, குடிச்சிட்டு பொம்பளை சீட்டுல சாயிறவன எறக்கி விடுறது, கண்ணு தெரியாத அப்பத்தாவ "சிம்மக்கல் வந்துருச்சு எறங்கு"ன்னு கையப் புடிச்சு எறக்குறது, இதெல்லாம் எந்த மெஷின் செய்யும்? டிக்கெட் மெஷின் வந்த பெறகு பேப்பர் ரோல் தீந்தா அதுக்கும் அவர்தான் பேச்சு வாங்குறார்.

கேள்வி: இம்புட்டு பேசுறீங்களே, நீங்க ஆபீஸுக்கு எதுல போறீங்க?
– வாசகி, பெயர், ஊர் வேண்டாம்னு எழுதியிருக்காங்க

பஸ்லதான் தாயே. எங்க வீட்டம்மா கூட வந்தா முன்னாடி ஏறி எடம் புடிச்சு, ஜன்னல் பக்கம் அவங்க, ஓரமா நான், டிக்கெட் எனக்கு மட்டும். நேத்து இருவது ரூபா நோட்டக் கொடுத்தேன், கண்டக்டர் மொறைச்சார், "எல்லாரும் ஃப்ரீ, காசு கொடுக்குறது நீங்க நாலு பேரு, நாலு பேரும் நோட்டா நீட்டுனா சில்லறைக்கு நான் எங்க போவேன்"னு கேட்டுட்டு, மீதி மூணு ரூபாய டிக்கெட் பின்னாடி பேனாவுல எழுதிக் கொடுத்தார். எறங்குறப்ப வாங்க மறந்துட்டேன். டிக்கெட் சட்டைப்பையில பத்திரமா இருக்கு, அதே பஸ் நாளைக்கு வந்தா கேக்கணும். வந்தா.